சாட்சி சொன்ன மீன்

1946-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி. பசிபிக் மகாசமுத்திரத்தில், பிகினித் தீவில் நடந்துகொண்டிருந்த அணுகுண்டுப் பரீட்சைக்குத் தலைமை வகித்தவர் அமெரிக்கக் கடற்படையின் வைஸ் அட்மிரல் பிளாண்டி. அன்று அவர் எதிரில் ஒரு போட்டோ வைக்கப்பட்டது. படத்தில் இருந்தது ஒரு மீன்.

காமிராவால் எடுத்த படமல்ல அது. எக்ஸ்ரே யந்திரத்தாலும் எடுத்ததல்ல. தீவின் காயலில் பிடித்த மீனைப் பிளந்து, போட்டோத் தகட்டின் மேல் வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். மீன் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டுவிட்டது! அதன் வயிற்றில் இருந்த பாசியும், உடலை மூடியிருந்த செதில்களும் கதிர்களை வீசித் தகட்டில் தம் உருவத்தைத் தாமே பதித்திருந்தன.

அட்மிரல் அந்தப் படத்தைப் பார்த்தார். அதற்கு முன் இரண்டு வாரங்களாக எத்தனையோ அறிக்கைகளும் எண்களும் அவரிடம் தரப்பட்டிருந்தன. அவற்றால் ஆகாத காரியம் ஒரு மீனால் ஆயிற்று. கப்பல்களைக் கழுவும் வேலை அனைத்தையும் அன்றே நிறுத்தும்படி உத்தரவிட்டார். ஆயிரக்கணக்கான மாலுமிகள் கண்ணுக்குத் தெரியாத ஓர் அபாயத்திலிருந்து விலக்கப்பட்டார்கள்.

அந்தப் படத்தைக் காட்டியவர் ராணுவ உடை அணிந்த ஒரு டாக்டர். பெயர் கர்னல் ஸ்டாபோர்டு வாரன். யுத்த களத்தில் எதிரியைச் சுடுவது சிப்பாயின் வேலை. அடிபட்டவனுக்குச் சிகிச்சை செய்வது ராணுவ வைத்தியரின் வேலை. தன் பக்கத்து ஆயுதமே தன் பக்கத்து ஆட்களைக் கொல்லாமல் காவல் காப்பது ஒரு புதிய உத்தியோகம். அதைச் சுகாதார பௌதிகம் என்கிறார்கள். ராணுவத்தில் அந்த உத்தியோகத்துக்கு வழி வகுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் வாரன்.

ராச்செஸ்டர் டாக்டர்

வாரன் 1896-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி, அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவைச் சேர்ந்த மாக்ஸ்வெல் என்ற சிற்றூரில் பிறந்தார். பின்னாளில் உலகின் முதல் அணுகுண்டு வெடித்ததும் அதே நியூ மெக்ஸிகோவில்தான். அந்தக் குண்டின் தூசி எங்கே போய் விழுகிறது என்று பார்க்கும் பொறுப்பு அந்த மண்ணில் பிறந்தவரிடமே வந்து சேர்ந்தது விந்தைதான்.

காலிபோர்னியா சர்வகலாசாலையில் படித்து 1918-ல் பட்டம் பெற்றார். 1920-ல் வயோலா லாக்ஹார்ட் என்ற பெண்மணியை மணந்தார். 1922-ல் டாக்டர் பட்டம் பெற்றார். நியூயார்க் மாகாணத்தில் ராச்செஸ்டர் நகரில் அப்போது ஒரு புதிய வைத்தியக் கல்லூரி உருவாகிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் விப்பிள் அதன் தலைவர். அவர் ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுத்த ஆசிரியர்களில் வாரன் ஒருவர். எக்ஸ்ரே பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

எலும்பு முறிவைப் பார்ப்பதற்கு அந்தக் காலத்தில் எக்ஸ்ரேயை உபயோகித்தார்கள். வாரன் அதைக்கொண்டு பெண்களின் மார்பகத்தில் தோன்றும் கட்டிகளைக் கண்டுபிடிக்க முடியும் என்று நம்பினார். இரண்டு கோணங்களிலிருந்து படம் எடுத்துச் சேர்த்துப் பார்க்கும் முறையைக் கையாண்டு, 1930-ல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் நடக்கும் மாமோகிராம் பரிசோதனையின் முன்னோடிகளைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரும் வருகிறது. வேறு எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் இந்த ஒரு காரியத்துக்காகவே வைத்திய சரித்திரத்தில் அவருக்கு இடம் உண்டு. ஆனால் விதி அவரை வேறு பக்கம் அழைத்தது.

கடிகாரம் எழுதிய பெண்கள்

அந்தப் பக்கத்தைப் பார்க்குமுன், கதிர்களின் கொடுமையை உலகம் எப்படித் தெரிந்துகொண்டது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

இருட்டில் ஒளிரும் கடிகாரங்களுக்கு ஒரு காலத்தில் ரேடியம் கலந்த வர்ணம் பூசினார்கள். 1920-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி முதலிய இடங்களில் இளம் பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். எண்களை நுணுக்கமாக எழுதுவதற்குத் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் கடுகினும் சிறிய அளவு ரேடியம் உள்ளே போகும். ரேடியத்துக்கு ஒரு குணம். உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி எலும்பில் சேர்த்துக்கொள்ளும். சில வருஷங்களில் அந்தப் பெண்களின் பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு அழுகியது, பலர் மாண்டார்கள்.

அவர்களுடைய எலும்புகளிலிருந்துதான் விஞ்ஞானிகள் கணக்குக் கற்றுக்கொண்டார்கள். 1941-ல் அமெரிக்காவில் ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. ஒருவர் உடலில் ரேடியம் ஒரு கிராமில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது அந்த வரம்பு. இத்தனை சிறிய அளவை அளப்பதற்கும், அளந்து எச்சரிப்பதற்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அணுகுண்டுத் திட்டம் ஆரம்பித்ததும் அந்தத் தேவை பத்து மடங்கு, நூறு மடங்கு ஆயிற்று.

1942-ல் சிக்காகோவில் அணு உலையைக் கட்டிய விஞ்ஞானிகள் தம் தொழிலாளரைப் பாதுகாக்க ஒரு குழுவை அமைத்தார்கள். அதற்கு ஹெல்த் பிஸிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கதிர் என்ற சொல்லே பெயரில் இல்லாததைக் கவனியுங்கள். காரியம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதற்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒரு பகல் விருந்து

1943-ம் வருஷத்தின் ஆரம்பத்தில் போட்டோக் கருவிகளுக்குப் பேர்போன ராச்செஸ்டர் கோடாக் கம்பெனியின் அதிகாரிகள் வாரனைப் பகல் விருந்துக்கு அழைத்தார்கள். அங்கே இரண்டு ராணுவ அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ். மான்ஹாட்டன் திட்டம் என்ற பெயரில் அணுகுண்டைத் தயாரிக்கும் முழுப் பொறுப்பும் அவருடையது.

முதலில் ஆலோசகராகச் சேர்ந்த வாரன், அந்த வருஷம் நவம்பரில் கர்னல் பதவியுடன் ராணுவத்தில் சேர்ந்து திட்டத்தின் வைத்தியப் பிரிவுக்குத் தலைவரானார். டாக்டர் ஹைமர் பிரீடெல் அவருக்குத் துணைவர். டென்னஸி மாகாணத்தில் ஓக் ரிட்ஜ் என்ற ரகசிய நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. 1945-ல் அதன் ஜனத்தொகை 75,000-ஐ எட்டியது. பிரசவம் பார்ப்பது முதல் யுரேனியத் தூசியை அளப்பது வரை அங்கே எல்லாம் வைத்தியப் பிரிவின் கவலைதான்.

அது எப்படிப்பட்ட வேலை? தொழிலாளர் மார்பில் ஒரு சிறு பிலிம் வில்லையைக் குத்திக்கொள்வார்கள். கதிர் பட்டால் பிலிம் கருக்கும். எவ்வளவு கருத்தது என்று பார்த்து அவர் வாங்கிய கதிரின் அளவைக் கணக்கிடுவார்கள். கெய்கர் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போவார்கள். சிறுநீரைப் பரிசோதிப்பார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணுவார்கள். நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு ராண்ட்ஜனுக்கு மேல் கதிர் படக்கூடாது என்பது அன்றைய சட்டம்.

பெரிய ஆயுதத் தொழிற்சாலைகளில் விபத்து சகஜம். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் வேலை செய்த மான்ஹாட்டன் திட்டத்தில் கடுங்கதிர் தாக்கி உடனடியாக உயிரிழந்தவர்கள் இருவர்தான். லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிசாலையில் புளூட்டோனிய உருண்டையை வைத்துப் பரிசோதனை செய்தபோது, 1945-ல் ஹாரி டாக்லியனும் 1946-ல் லூயி ஸ்லாட்டினும் கைதவறி விபத்துக்கு உள்ளாகி மாண்டார்கள். வருஷங்கள் கழித்து நோய் கண்டவர்களின் கணக்கு வேறு.

முதல் வெடிப்பு

1945-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி அதிகாலை 5-30 மணிக்குச் சற்று முன்பாக, நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தது. அன்று இரவு முழுவதும் மழையும் மின்னலுமாக இருந்தபடியால் குறித்த நேரத்தைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. விஞ்ஞானிகளில் பலருக்குக் குண்டு வெடிக்குமா என்ற கவலை. வாரனுக்கோ வெடித்த பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்ற கவலை.

அணுகுண்டு தரைக்கு அருகில் வெடித்தால் மண்ணை வாரிக்கொண்டு மேலே போகும். அந்த மண்ணோடு குண்டின் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். காற்று அடிக்கும் திசையில் பல மைல் தூரம் அது தூசியாகப் பொழியும். அளவுகருவிகளுடன் வாரனின் ஆட்கள் மோட்டார்களில் அந்த மேகத்தைத் துரத்திக்கொண்டு போனார்கள். அவசியமானால் ஊர்களைக் காலி செய்ய லாரிகளோடு ஒரு படையும் காத்திருந்தது.

வெடித்த இடத்துக்கு வடகிழக்கே சுமார் 20 மைலில் ஒரு பள்ளத்தாக்கில் கருவி முள் பயங்கரமாக உயர்ந்தது. யாரும் இல்லை என்று எண்ணிய அந்தப் பகுதியில் ஒரு குடும்பம் வசிப்பது பிறகுதான் தெரிந்தது. ஆயினும் எந்த ஊரும் காலி செய்யப்படவில்லை. ஜனங்களுக்கு எதுவும் சொல்லப்படவும் இல்லை. வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்ற அறிக்கைதான் பத்திரிகைகளுக்குப் போயிற்று. மேய்ச்சல் நிலத்து மாடுகளின் முதுகில் ரோமம் கொட்டி வெண்மையாக முளைத்தது. இண்டியானா மாகாணத்தில் தயாரான அட்டைக்குள்ளும் அந்தத் தூசி கலந்து, அதில் சுற்றி வைத்த கோடாக் பிலிம்களைக் கெடுத்தது!

ஐந்து நாள் கழித்து வாரன் ஜெனரலுக்கு அறிக்கை அனுப்பினார். இப்படிப்பட்ட பரீட்சையை இனி நடத்துவதானால் சுற்றிலும் 150 மைலுக்கு மனித வாசம் இல்லாத இடமே உசிதம் என்று அதில் யோசனை சொன்னார். அவருடைய கருவிகள் சரியாகத்தான் பேசின. ரகசியம் என்ற பூட்டு வாயை அடைத்துவிட்டது. காற்று வாக்கில் வாழ்ந்த நியூ மெக்ஸிகோ ஜனங்களுக்கு நஷ்டஈட்டுச் சட்டத்தில் இடம் கிடைத்தது 2025-ல்தான். 80 வருஷம்!

ஹிரோஷிமாவில்

ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ந் தேதி நாகசாகியிலும் குண்டுகள் விழுந்தன. காயமே படாதவர்கள் கூட சில நாட்களில் தலைமயிர் கொட்டி, ரத்தம் கசிந்து இறக்கிறார்கள் என்று ஜப்பானிலிருந்து செய்திகள் வந்தன. ஜெனரல் குரோவ்ஸ் அவற்றை வெறும் பிரசாரம் என்றே முதலில் நினைத்தார். செப்டம்பர் 8-ந் தேதி ஹிரோஷிமாவுக்குப் பறந்த அமெரிக்கக் குழுவில் வாரன் இருந்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் டாக்டர் மார்செல் ஜுனோவும், 15 டன் மருந்துகளும் அவர்களோடு போயினர். ஜப்பானிய டாக்டர் ட்சுஸுகி ஆஸ்பத்திரிகளைச் சுற்றிக் காட்டினார்.

செய்திகள் பிரசாரம் அல்ல என்பதை வாரன் நேரில் கண்டார். வெள்ளை அணுக்கள் அற்றுப்போன ரத்தம், ஆறாத புண், மயிரிழந்த தலை. எக்ஸ்ரே டாக்டருக்கு இவை புதியன அல்ல. ஆனால் அவர் அதுவரை பார்த்தது அறையில் ஒரு நோயாளி. இங்கே நகரமே நோயாளி. மண்ணில் மிஞ்சியிருந்த கதிரியக்கம் குறைவு என்று அவருடைய குழுவின் கருவிகள் காட்டின. குண்டுகள் உயரத்தில் வெடித்தது அதற்கு ஒரு காரணம். ஆகவே இந்தக் கதிர் நோய்க்குப் பெரும்பாலும் காரணம் வெடித்த கணத்தில் பாய்ந்த கதிர்தான் என்பது தெளிவாயிற்று.

பிகினிக் காயல்

அணுகுண்டின் முன் கப்பல்கள் நிற்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் காணக் கடற்படை ஆசைப்பட்டது. பிகினியில் வசித்த 167 பேரும் 1946 மார்ச்சில் வேறு தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். காயலில் 90-க்கு மேற்பட்ட கப்பல்கள் இலக்காக நிறுத்தப்பட்டன. அமெரிக்காவின் பழைய போர்க்கப்பல்களோடு, ஜப்பானியரிடமிருந்து பிடித்த நகாட்டோவும், ஜெர்மானியரின் பிரின்ஸ் யூஜனும் அவற்றில் அடக்கம். 42,000 பேர் அந்தப் பரீட்சையில் ஈடுபட்டார்கள். அத்தனை பேரையும் கதிரிலிருந்து காக்கும் பொறுப்பு வாரனுடையது.

ஜூலை 1-ந் தேதி முதற் குண்டு ஆகாயத்தில் வெடித்தது. பெரும் அபாயம் இல்லாமல் கழிந்தது. இவ்வளவுதானா என்று பார்த்தவர்கள் பலர் அலுத்துக்கொண்டார்கள். இரண்டாவது குண்டு அந்த அலுப்பைத் தீர்த்துவைத்தது.

ஜூலை 25-ந் தேதி காலை, தண்ணீருக்கு அடியில் 90 அடி ஆழத்தில் தொங்கவிட்ட குண்டு வெடித்தது. சுமார் 20 லட்சம் டன் கடல்நீர் தூணாக எழுந்து, சரிந்து, மூடுபனியாக உருண்டு கப்பல்களை மூடியது. அந்தப் பனித் திவலை ஒவ்வொன்றிலும் குண்டின் சாம்பல் கலந்திருந்தது. சரடோகா என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மூழ்கியது. நகாட்டோ சில நாள் மிதந்து, ஓர் இரவில் மூழ்கியது.

மூழ்கிய கப்பல்களைவிட மிதந்த கப்பல்களே பெரிய தொல்லை ஆயின. அவற்றைக் கழுவிச் சுத்தம் செய்யும்படி மாலுமிகளுக்கு உத்தரவாயிற்று. தீயணைக்கும் படகுகள் நீரைப் பீய்ச்சின. சோப்பு, சோடா, காரம் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பூசித் தேய்த்தார்கள். வெயில் கொளுத்தியபடியால் பலர் அரைக்கால் சட்டையோடு, வெறும் மேனியாக வேலை செய்தார்கள். எவ்வளவு தேய்த்தாலும் கருவி முள் இறங்க மறுத்தது. மரத்தளத்திலும், துருவிலும், வர்ணத்திலும் அது ஊறிப்போயிருந்தது.

காப்டன்களின் மனநிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கப்பல் பளபளவென்று இருக்கிறது. புகை இல்லை, நெருப்பு இல்லை, நாற்றம் இல்லை. யாருக்கும் காய்ச்சல் கூட இல்லை. பத்துப் பிராயத்திலிருந்து கடலையே பார்த்த மனிதர்களிடம், கல்லூரியிலிருந்து வந்த ஓர் இளைஞன் கையில் பெட்டியோடு வந்து, இந்தத் தளத்தில் அரை மணிக்கு மேல் நிற்காதீர்கள் என்கிறான். அவனை அவர்கள் எப்படி மதிப்பார்கள்? அபாயத்துக்கு அஞ்சுவது வீரனுக்கு அழகல்ல என்பது அவர்கள் பாடம். புயலுக்கும் பீரங்கிக்கும் அந்தப் பாடம் சரி. கதிருக்கு வீரன், கோழை என்ற பேதம் இல்லையே!

வாரனிடம் ஆட்களும் குறைவு, கருவிகளும் குறைவு. எல்லோருக்கும் போதுமான பிலிம் வில்லைகள் இல்லை. சுற்றி நின்ற உதவிக் கப்பல்களின் அடிப்பாகத்துப் பாசியிலும், கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் குழாய்களிலும் கதிரியக்கம் சேர ஆரம்பித்துவிட்டது. வேலையை நிறுத்தும்படி அவர் மன்றாடினார். அவர் ராணுவக் கர்னல். எதிரில் இருந்தவர்களோ கடற்படைத் தளபதிகள். அவரால் யோசனை சொல்லத்தான் முடியும், உத்தரவிட முடியாது.

அவரை உறக்கமில்லாமல் அடித்தது ஒரு சந்தேகம். குண்டில் இருந்தது சுமார் 6 கிலோ புளூட்டோனியம். அதில் பெரும் பகுதி பிளவுபடாமலே சிதறியிருக்க வேண்டும். புளூட்டோனியம் வீசுவது ஆல்பாக் கதிர். ஒரு காகிதம் கூட அதைத் தடுத்துவிடும். தோலுக்கு வெளியே இருந்தால் பயமில்லை. மூச்சோடு உள்ளே போனால், ரேடியத்தைப் போலவே எலும்பில் குடியேறும். காயலில் இருந்தவர்கள் கையில் பிடித்திருந்த கெய்கர் கருவிகளோ ஆல்பாக் கதிரைக் காட்டாதவை. ஆகவே கருவி மௌனமாக இருந்தாலும் விஷம் இல்லை என்று சொல்வதற்கில்லை.

மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது சந்தேகம் உறுதியாயிற்று. பிரின்ஸ் யூஜன் கப்பலில் காப்டன் அறையிலேயே புளூட்டோனியம் இருந்தது. அதைக் கண்ணால் காணும்படி காட்டுவது எப்படி? அப்போதுதான் மீன் வந்தது. செதிலில் இருந்து கிளம்பிய ஆல்பாக் கதிர் மீனின் வடிவத்தைத் தகட்டில் வரைந்திருந்தது. மீனின் உடல் புளூட்டோனியத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து, செதில் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. மீனுக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும்.

அட்மிரலுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மீன் படம்தான் காரியத்தைச் சாதித்தது என்று வாரன் வீட்டுக்கு எழுதினார். செப்டம்பர் 7-ந் தேதி பிரஸிடெண்ட் ட்ரூமன் மூன்றாவது குண்டுப் பரீட்சையையும் ரத்துச் செய்தார். கைவசம் இருந்த குண்டுகள் மிகச் சில என்பதும் அதற்கு ஒரு காரணம். மிதந்த இலக்குக் கப்பல்களில் சுத்தம் செய்து பழைய இரும்பாக விற்க முடிந்தவை ஒன்பதுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

நிழல் பக்கம்

இத்தனையும் படித்தபின் வாரனை மாசற்றவர் என்று முடித்துவிட மனம் விரும்பும். உண்மை அப்படி இல்லை.

1945 ஏப்ரல் முதல் 1947 ஜூலை வரை, ஓக் ரிட்ஜ், ராச்செஸ்டர் முதலிய இடங்களில் ஆஸ்பத்திரிகளில் இருந்த 18 நோயாளிகளுக்குப் புளூட்டோனியம் ஊசி மூலம் ஏற்றப்பட்டது. உடலில் அது எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கிடத்தான். எதை ஏற்றுகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களுடைய வியாதிக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் காரியம் ஆரம்பித்தது வாரன் தலைமை வகித்த வைத்தியப் பிரிவில்தான். பிரஸிடெண்ட் கிளிண்டன் நியமித்த விசாரணைக் குழு 1995-ல் இதை விவரமாக வெளியிட்டு, தவறென்று தீர்ப்பளித்தது.

மாலுமிகளின் எலும்பில் புளூட்டோனியம் சேரக்கூடாது என்று அட்மிரலோடு போராடிய அதே மனிதரின் இலாகா, ஏழை நோயாளிகளின் எலும்பில் அதைச் சேர்த்தது. தொழிலாளரைக் காக்கும் வரம்பை வகுப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒருவரைக் காக்க மற்றொருவரைக் கேட்காமல் பலியிடுவது காவல் ஆகுமா? அளவறிந்த விஞ்ஞானிக்கும் தர்மத்தின் அளவு தவறிவிடுவது உண்டு. வழக்கு வந்தால் சர்க்கார் எப்படித் தப்புவது என்ற கவலையும் அந்த இலாகாவில் எப்போதும் இருந்தது. பிகினிக்கு வாரன் ஒரு வைத்திய-சட்டக் குழுவையே அழைத்துக்கொண்டு போயிருந்தார்.

பிற்காலம்

1946-ம் வருஷக் கடைசியில் ராணுவத்தை விட்டார். விசேஷ சேவைப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1947-ல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் காலிபோர்னியா சர்வகலாசாலை தொடங்கிய வைத்தியக் கல்லூரிக்கு முதல் தலைவரானார். கட்டடம் கூட இல்லாத கல்லூரி அது. 1951-ல் 28 மாணவர்களோடு வகுப்பு ஆரம்பித்தது. 1955-ல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இன்று உலகப் புகழ்பெற்ற வைத்திய ஸ்தாபனங்களில் அது ஒன்று.

1947 ஆகஸ்டில் லைப் பத்திரிகையில் பிகினி அனுபவத்தைப் பற்றி எழுதினார். கதிரியக்கம் பரவுவதைத் தடுக்க வழியே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் பிரஸிடெண்ட் கென்னடியும், ஜான்சனும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் நலனுக்காக அவரை விசேஷ உதவியாளராக வைத்துக்கொண்டார்கள். 1971-ல் என்ரிகோ பெர்மி பரிசு கிடைத்தது. 1981-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி, 85-வது வயதில் காலமானார்.

இந்த உத்தியோகத்துக்கு என்ன தகுதி?

வாரன் தொடங்கி வைத்த உத்தியோகம் இன்று ஒரு தனித் தொழில். அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்றே அதிகாரிகள் இருக்கிறார்கள். பௌதிகம் அல்லது கதிரியல் சம்பந்தமான பட்டப்படிப்பு வேண்டும். அதன்மேல் ராணுவப் பயிற்சி. அதற்கும் மேல் கடினமான தொழிற் பரீட்சை ஒன்றும் உண்டு. அணுச் சக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலிலும், ராணுவ ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையிலும் இவர்கள் வேலை இருக்கிறது. 1966-ல் ஸ்பெயினில் பாலமாரெஸ் கிராமத்தின் மேல் அமெரிக்க விமானம் நொறுங்கி, குண்டுகளிலிருந்து புளூட்டோனியம் வயல்களில் சிதறியது. 2011-ல் ஜப்பானில் புகுஷிமா அணு உலைகள் சேதமடைந்தன. அங்கெல்லாம் கருவியோடு போனவர்கள் இந்தத் தொழிலைக் கற்றவர்களே.

அவர்களுடைய பாலபாடம் எளிது. அபாயத்தின் அருகில் இருக்கும் நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் தடுப்பை வை. அணுத்தூசிக்கு ஒரு வாய்பாடும் உண்டு. நேரம் ஏழு மடங்கானால் கதிரின் வேகம் பத்தில் ஒன்றாகும். வெடித்து ஒரு மணி ஆனபோது 100 என்றால், 7 மணியில் 10. 49 மணியில் 1. ஆகவே இரண்டு நாள் பொறுத்தால் பிழைக்கலாம், இரண்டு மணியில் போனால் சாகலாம் என்று சேனாதிபதிக்கு அவர்கள் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.

கணக்குப் போட யாரும் கற்றுக்கொள்ளலாம். போட்ட கணக்கைப் பெரிய பதவியில் இருப்பவர் முகத்துக்கு நேரே, அவருக்குப் பிடிக்காதபோதும் சொல்வதுதான் அரிது. வாரன் பிகினியில் அதைச் செய்தார். நியூ மெக்ஸிகோவில் அவர் அறிக்கை கோப்புக்குள் அடைபட்டது. 18 நோயாளிகள் விஷயத்தில் சொல்லவே இல்லை. ஒரே மனிதரின் வாழ்க்கையில் மூன்றையும் பார்க்கிறோம்.

பிகினி மக்கள் 1970-ஐ ஒட்டித் திரும்பக் குடியேற முயன்றார்கள். உடலில் கதிரியக்கம் சேரவே 1978-ல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள். பரீட்சைகளில் பங்கு பெற்று நோயுற்ற சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் 1988-ல் ஒரு நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 2010-ல் பிகினி உலக பாரம்பரிய ஸ்தலமாக அறிவிக்கப்பட்டது.

நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் வேலைக்குப் போகிறவர் கதிரை அளக்கும் ஒரு சிறு வில்லையை அணிந்துகொண்டுதான் உள்ளே போகிறார். எடை ஒன்றுமில்லை. ஆனால் கடிகாரம் எழுதிய பெண்களின் உயிரும், கப்பலைத் தேய்த்த மாலுமிகளின் வியர்வையும், தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்ட அந்த மீனின் சாட்சியமும் அந்தச் சிறு வில்லைக்குள் அடங்கியிருக்கின்றன.